முதலாண்டு மாணவரும் திரைப்படத் திறனாய்வும்

கலைப்பிரிவில் முதலாண்டு சேரும் மாணவர் ஒருவர், கல்லூரியில் காலடி எடுத்து வைப்பதற்கு முன்னரே எண்ணற்ற திரைப்படங்களைப் பார்த்து முடித்தவராக இருக்கிறார். அவர் படித்துள்ள புதினங்களோ பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆயினும் புதினத்தைப் பற்றி எழுத அவருக்குப் பாடத்திட்டம் வழிகாட்டுகிறது. திரைப்படத்தைப் பற்றி எழுத வழிகாட்டுவார் அரியர். மிகுதியாக நுகரும் ஒன்றைப் பற்றி மிகக் குறைவாகச் சிந்திக்கும் இந்நிலை கல்விக்கு அழகன்று. முதலாண்டிலேயே திரைப்படத் திறனாய்வு எழுதும் பயிற்சியைத் தமிழ்த்துறைகள் அளிக்க வேண்டும். அதனை நம் சமுதாயத்தின் பொறுப்பிலுள்ள கல்லூரிகள் ஏனையவற்றினும் முந்தி அளிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெரியோர் ஐயம்

இக்கருத்தைக் கேட்டவுடன் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "பிள்ளைகள் படம் பார்த்துக் கெட்டது போதாதென்று, அதற்குக் கல்லூரியே வழி செய்ய வேண்டுமா?" என்று அவர்கள் வினவுவர். இவ்வினாவில் உள்ள அக்கறையை நாம் மதித்தல் வேண்டும். திரைப்படத்தில் வணிகமும் வன்முறையும் நாணமின்மையும் மலிந்துள்ளன என்பதை மறுப்பவர் யார்? ஆனால் இன்று மாணவரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே திரையரங்காகிவிட்டது. பார்ப்பதா வேண்டாவா என்னும் முடிவு பெரியோரின் கையைவிட்டு நழுவி நெடுங்காலமாயிற்று. எவ்வாறு பார்ப்பது என்பது மட்டுமே இன்னும் ஆசிரியரின் கையில் எஞ்சியிருக்கிறது.

நம் சமுதாயத்தின் தமிழ்ச் சான்றோர் இருவரை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கவி கா.மு. ஷெரீப் (1914–1994) திரைப்படங்களுக்குப் பாடல்கள் எழுதினார். அதே எழுதுகோலால் சீறாப்புராணத்திற்கு உரையும் கண்டார். கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) திரைப்பாடல் எழுதுவதினின்றும் விலகியே நின்றார். ஒருவர் ஏற்றார், மற்றவர் மறுத்தார். இருவருமே கலை இன்னது, வணிகம் இன்னது என அறிந்து முடிவெடுத்தவர்கள். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அறிதல் முன்நிபந்தனையாகிறது. அந்த அறிதலைத் தருவதே திறனாய்வுப் பயிற்சி. சமய உணர்வால் படம் பார்க்க விரும்பாத மாணவரைக் கட்டாயப்படுத்துதல் ஆகாது. அவர் புதினம் ஒன்றிற்குத் திறனாய்வு எழுதட்டும். பார்க்கும் மாணவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கட்டும் என்கிறோம்.

மதிப்புரை வேறு, திறனாய்வு வேறு

நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் வருபவை மதிப்புரைகள். இப்படத்தைப் பார்க்கலாமா என்று கேட்கும் வாசகருக்கு விடையளிப்பதே அவற்றின் நோக்கம். அதில் குற்றமில்லை. 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்திற்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் அளித்ததை இன்றும் நினைவுகூர்வோர் உளர். அம்மதிப்பெண்ணுக்குக் காட்டப்பட்ட காரணங்கள் எவையென அவர்களைக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. மதிப்புரையில் தீர்ப்பு நிற்கும், காரணம் மறையும். கல்லூரியில் எழுதப்படும் திறனாய்வோ காரணத்திற்காகவே எழுதப்படுவது. படம் நன்று அல்லது தீது என்னும் முடிவைவிட, அம்முடிவுக்கு மாணவர் வந்து சேர்ந்த வழியே ஆசிரியருக்கு முதன்மையானது.

மாணவரின் முதற் கட்டுரைகளில் பொதுவாகக் காணப்படும் குறைகள் மூன்று. நான்கு பக்கக் கட்டுரையில் மூன்று பக்கங்களைக் கதைச் சுருக்கமே விழுங்கிவிடுவது முதற்குறை. 'அருமையான நடிப்பு', 'கண்ணைக் கவரும் ஒளிப்பதிவு', 'நெஞ்சை உருக்கும் இசை' என்று எப்படத்திற்கும் பொருந்தும் அடைமொழிகளை அடுக்குவது இரண்டாவது. நடிகர்மீதுள்ள பற்றையோ வெறுப்பையோ படத்தின்மீது ஏற்றிக் கூறுவது மூன்றாவது. இம்மூன்றுக்கும் வேர் ஒன்றே. எழுதுபவர் தாம் கண்டதை எழுதவில்லை. கண்டபின் தமக்குள் எழுந்த உணர்ச்சியை மட்டும் எழுதுகிறார். உணர்ச்சி மெய்யானதே; ஆனால் அதனை எழுப்பியது எது என்று கூறாதவரை அது பிறருக்குப் பயன்படாது.

இக்காலத்தில் நான்காவது குறை ஒன்றும் சேர்ந்துள்ளது. படத்தின் பெயரைச் சொன்னால் கணினியே நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தந்துவிடுகிறது. பிழையற்ற நடை, அளவான பத்திகள், முன்னுரை, முடிவுரை எல்லாம் அதில் இருக்கும். அம்மாணவர் அப்படத்தைக் கண்டார் என்பதற்கான அடையாளம் ஒன்று மட்டும் அதில் இராது.

திறனாய்வு ஒரு சாட்சியம்

திறனாய்வைச் சாட்சியம் என்று கொள்வது நமக்கு எளிதில் விளங்கும். நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி (ரஹ்) போன்ற பெருமக்கள், செய்தியை மட்டும் பதிவு செய்து நிறுத்தவில்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் உடன் பதிவு செய்தனர். அத்தொடரில் ஐயம் இருப்பின், செய்தி எவ்வளவு இனிமையாக இருப்பினும் அதற்கு வலுவில்லை. ஒரு செய்தி வந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளியுமாறும், தமக்கே எதிராக அமையினும் நீதியுடன் சாட்சி பகருமாறும் திருமறை பணிக்கிறது. இந்நெறியில் வளர்ந்த மாணவருக்கு, 'எக்காட்சியில் கண்டாய்? எச்சொல்லில் கேட்டாய்? இக்கருத்தை எந்நூலில் பெற்றாய்?' என்று ஆசிரியர் கேட்பது புதிய தொல்லையாகத் தோன்றலாகாது.

தமிழ் உரை மரபும் இதையே கற்பிக்கிறது. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் மூலத்தை முன்வைத்துப் பொருள் கூறினர், விளக்கம் தந்தனர், பிறர் கொண்ட உரையை எடுத்துக்காட்டி ஏற்றனர் அல்லது மறுத்தனர். பாட்டைப் பாராமல் பாட்டின் பெருமையை மட்டும் பேசிய உரையாசிரியர் எவரும் இலர். திரைப்படத்தில் காட்சியே மூலம். மூலத்தைச் சுட்டாத உரை உரையாகாது.

உற்றுநோக்கலின் பயன்

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) என்னும் படம் முதற்பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. எவ்வீட்டுப் பெரியோரும் தம் பிள்ளைகளோடு அமர்ந்து காணத்தக்கது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அலி என்னும் சிறுவன், வறுமையுற்ற தந்தையிடம் அதைச் சொல்ல அஞ்சுகிறான். அண்ணனும் தங்கையும் ஒரே இணைக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்குச் செல்கின்றனர். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்றறிந்து அலி ஓடுகிறான். மூன்றாவதாக வர விரும்பியவன் முதலாவதாக வந்துவிடுகிறான். வீடு திரும்பிப் புண்பட்ட கால்களை முற்றத்துத் தொட்டி நீரில் வைக்கிறான். மீன்கள் அவன் பாதங்களைச் சூழ்கின்றன. அத்துடன் படம் முடிகிறது.

'ஏழைச் சிறுவன் தோற்றான். படம் சோகத்தில் முடிகிறது' என்று எழுதும் மாணவர் பலர் இருப்பர். ஆனால் இறுதிக்குச் சற்று முன்னர், தந்தையின் மிதிவண்டியில் புதிய காலணிகள் இருப்பதை இயக்குநர் ஒருசில நொடிகள் காட்டிவிடுகிறார். எவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அலிக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அச்சிறு காட்சியைக் கண்ட மாணவர் எழுதும் கட்டுரை முற்றிலும் வேறாக அமையும். பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறியச் செய்து, துயரத்தின் மேல் ஆறுதலைப் படரவிடும் உத்தியை அவர் தாமே கண்டுகொள்வார். சில நொடிக் கவனம் கட்டுரையின் முடிவையே மாற்றிவிடுகிறது. திறனாய்வில் உழைப்பு என்பது இதுவே.

நூலும் படமும்

தமிழ் மாணவருக்கு இத்துறையில் தனி உரிமை ஒன்று உண்டு. இலக்கியம் திரைப்படமாகும்போது இரண்டையும் ஒப்பிட்டுக் காணும் தகுதி அவருக்கே சிறப்பாக உரியது. நம் புதுவைப் பாவேந்தர் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காப்பியத்தைத் தழுவி, எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர் இயக்க, மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 'பொன்முடி' (1950) என்னும் படத்தை எடுத்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்தது மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). நூலில் இருந்து எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, ஏன் என்னும் மூன்று வினாக்களே ஒரு கட்டுரைக்குப் போதுமானவை.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளும் இங்கே துணை நிற்கும். 'உதிரிப்பூக்கள்' இறுதிக் காட்சியில் ஊரார் சூழ, தீயவனான தந்தை ஆற்றில் இறங்குகிறான். கரையில் குழந்தைகள் நிற்கின்றனர். அங்கே நம்மிடம் தோன்றுவது வெகுளியா, அழுகையா, அச்சமா? ஊராரின் வெகுளி நம்முடையதாகத் தொடங்கி, குழந்தைகளைக் கண்டவுடன் வேறொன்றாக மாறுவதை மாணவர் எடுத்துக்காட்டுவாராயின், மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்காக மட்டும் படித்தவராக அவர் இனி இருக்கமாட்டார்.

நம் ஊரும் ஒரு படமும்

யான் மார்ட்டெல் என்னும் கனடிய எழுத்தாளரின் 'லைஃப் ஆஃப் பை' (2001) புதினத்தின் முன்னுரை, நம் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு முதியவரைச் சந்திப்பதாக அமைகிறது. ஆங் லீ அதனைப் படமாக்கியபோது 2011 சனவரியில் புதுச்சேரியில் படப்பிடிப்பு நடைபெற்றது. 2012-இல் வெளிவந்த அப்படம் நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. கடற்காட்சிகள் தைவானில் அமைக்கப்பட்ட பெரும் நீர்த்தொட்டியில் எடுக்கப்பட்டவை. படத்தின் தொடக்கத்தில் பம்பாய் ஜெயஸ்ரீயின் குரலில் தமிழ்த் தாலாட்டு ஒலிக்கிறது.

உலகின் பல மொழிகளிலும் அப்படத்தைப் பற்றி எழுதிவிட்டனர். ஆனால் முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் நடந்து பழகிய புதுவை மாணவர் மட்டுமே எழுதக்கூடியவை சில உள. தாலாட்டில் தமிழ் இருக்கிறது. அக்குடும்பத்தின் வீட்டு உரையாடலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அவ்வாறாயின் இவ்வூரின் தமிழ் அப்படத்தில் பேச்சா, பின்னணி அழகா? புதினத்தில் பை என்னும் சிறுவனுக்கு இசுலாத்தை அறிமுகம் செய்பவர் ரொட்டி சுடும் எளிய சூஃபி ஒருவர். அவருக்கென்று பெயரும் தொழிலும் உண்டு. திரைப்படத்தில் அவருக்கு இடமில்லை. சிறுவன் தொழுகையைக் காண்கிறான், அதன் அழகில் ஈடுபடுகிறான், அவ்வளவே. மனிதர் ஒருவர் இருந்த இடத்தில் காட்சியழகு மட்டும் எஞ்சியதால் படம் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவ்வினாவை எழுப்பப் பாரிசு நகரத்துத் திறனாய்வாளருக்குத் தோன்றாமல் போகலாம். நம் மாணவருக்குத் தோன்ற வேண்டும்.

பாரிசு என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1951-இல் அங்குத் தொடங்கப்பெற்ற 'கையே து சினிமா' என்னும் இதழில் எழுதிய இளைஞர்களே பின்னர் பிரெஞ்சுத் திரைக்கலையின் போக்கை மாற்றினர். அவர்களுள் ஒருவரான பிரான்சுவா த்ரூஃபோ, தம் நாட்டுப் படங்களைக் கடுமையாக ஆராய்ந்து புகழ்பெற்ற கட்டுரையை அவ்விதழில் எழுதியது 1954 சனவரியில். அப்போது அவருக்கு அகவை 21. ஐந்தாண்டுகள் கழித்து 1959-இல் அவருடைய முதல் முழுநீளப் படம் வெளிவந்தது. ஏறத்தாழ நம் மாணவரின் வயதுதான். இளமை திறனாய்வுக்குத் தடையன்று என்பதற்கு இது போதிய சான்று.

கண்டனமும் திறனாய்வும்

இனி, நம் சமுதாயத்தை நேரே தொடும் செய்திக்கு வருவோம். திரையில் இசுலாமியர் காட்டப்படும் முறை குறித்து நமக்கு மனக்குறை உண்டு. அதனைப் பல வேளைகளில் வெளிப்படுத்தியும் உள்ளோம். 2013 சனவரியில் 'விஸ்வரூபம்' படத்திற்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, தமிழக அரசு தடை விதித்தது, பேச்சு நடந்தது, சில பகுதிகள் நீக்கப்பட்டபின் பிப்ரவரி 7-ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளியாயிற்று. எதிர்ப்புத் தெரிவிப்பது குடிமக்களின் உரிமை. ஆயினும் கண்டனக் கூட்டம் கலைந்த பின் எஞ்சுவது என்ன? மனு அரசு அலுவலகத்தில் தங்கிவிடுகிறது. முழக்கம் அன்றோடு அடங்குகிறது. காட்சி காட்சியாக ஆராய்ந்து எழுதப்பட்ட கட்டுரையோ, அந்நிகழ்வை அறியாத அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கிறது. நம்மோடு உடன்படாதவரும் அதைப் படிக்க முடிகிறது. விடை கூற வேண்டிய கடமைக்கும் ஆளாகிறார்.

மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டு ஒருமைப்பாட்டிற்கான நர்கிஸ் தத் விருதையும் சிறந்த படத்தொகுப்பிற்கான தேசிய விருதையும் பெற்ற படம் அது. 1992–93 கலவரங்களை அது காட்டிய முறைமீது இரு தரப்பிலும் எதிர்ப்பு எழுந்ததும் உண்மை. 'நம்மை இழிவு செய்தது' என்றோ 'ஒற்றுமையைப் போற்றியது' என்றோ ஒரே வரியில் தீர்ப்பளித்துவிடுவது எளிது. மாணவர் காட்சிக்குள் செல்லட்டும். நாயகியின் முகத்திரை காற்றில் விலகும்போது காமிரா யாருடைய கண்ணாக நிற்கிறது? முஸ்லிம் திருமண வீட்டுப் பாடற்காட்சி மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் எடுக்கப்பட்டிருக்கிறது. நம் கடலோர ஊர்களின் திருமண வீட்டுக்கும் அத்தூண்களுக்கும் என்ன தொடர்பு? அழகுக்காக உண்மை எங்கே வளைக்கப்படுகிறது? அதே வேளையில், இந்துத் தந்தையாக நாசரையும் முஸ்லிம் தந்தையாகக் கிட்டியையும் நடிக்கச் செய்ததன்வழி இயக்குநர் சொல்லாமல் சொல்வது யாது? படத்திற்கு எதிரான சான்றையும் ஆதரவான சான்றையும் ஒரே கட்டுரையில் வைத்து, அதன்பின் தம் முடிவைக் கூறும் மாணவரின் குரலை எவராலும் புறக்கணிக்க இயலாது. நமக்கு வேண்டுவது அத்தகைய குரல்களே.

நீதியுடன் சாட்சி பகர்தல் என்பது நமக்கு எதிராகவும் செல்லும் என்பதை மறத்தலாகாது. நம்மவர் எடுத்த படமாயினும், நம்மைப் புகழும் படமாயினும், குறை கண்டால் குறை என்றே எழுத வேண்டும். தீயவனாக மட்டுமன்றி, குற்றமே அறியாத நல்லவனாக மட்டும் ஒரு முஸ்லிமைக் காட்டுவதும் அவனை மனிதனாகக் காட்டாமையே ஆகும்.

செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பருவத்திற்கு ஒரு படம், துறை ஆசிரியர்கள் முன்னரே பார்த்துத் தேர்ந்தது, கல்லூரி அரங்கில் பகற்பொழுதில் திரையிடப்பட வேண்டும்; மாணவியரும் இடர்ப்பாடின்றிக் காண அதுவே வழி. ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்து ஐந்நூறு சொற்களுக்குள் எழுத வேண்டும். கதைச் சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டலாகாது. அடைமொழி ஒன்றைப் பயன்படுத்தினால் அதற்குரிய சான்று அடுத்த வரியிலேயே வர வேண்டும். பிறர் கருத்தை எடுத்தாண்டால் அவர் பெயரைக் கூற வேண்டும். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டி, தோழர்களின் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். படத்தைக் காணாமல் கணினியின் உதவியால் எழுதியவர் அந்த இரண்டாவது வினாவிலேயே தடுமாறுவார். தனித் தண்டனை எதுவும் தேவைப்படாது.

நம் நகரமும் இதற்குத் துணையாக உள்ளது. நாடகத் தமிழின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது இப்புதுச்சேரியில்தான். அவர் பெயராலேயே புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்ப் படத்திற்கு விருது வழங்குகிறது. அவ்விருதுக்குரிய திரைப்பட விழாக்கள் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கில் நடைபெற்றுள்ளன. அத்தகைய விழாக்களுக்கு ஆசிரியரே மாணவரை அழைத்துச் செல்லலாம். திரும்பியதும் கட்டுரை கேட்கலாம்.

பெற்றோரும் பெரியோரும் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பிள்ளை படம் பார்த்துவிட்டு வந்தால், 'ஏன் போனாய்?' என்று மட்டும் கேளாமல், 'என்ன கண்டாய்?' என்றும் கேட்கலாம். அவ்வினாவிற்கு நேர்மையாகவும் தெளிவாகவும் விடை கூறக் கற்ற பிள்ளையைத் திரை எளிதில் ஏமாற்றிவிட முடியாது. அடுத்த ஆண்டு மலரில் முதலாண்டு மாணவர் அல்லது மாணவி எழுதிய திரைப்படத் திறனாய்வு ஒன்றேனும் இடம்பெறுமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.